பிரித்தது இரண்டரை நிமிடம், பூட்டியது ஒன்பது நிமிடம்

ராணுவத் துப்பாக்கி ஒன்றைப் பிரித்துப் பூட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. சுடுவதில் ஈடுபாடு இல்லை. பழைய கடிகாரத்தைக் கண்டால் திறந்து பார்க்கத் துடிக்கிற கை, அவ்வளவுதான். கடைசியில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். கிடைத்தது ஏகேஎம். குழல் அடைக்கப்பட்டு, சுடும் ஊசி எடுக்கப்பட்ட பயிற்சித் துப்பாக்கி. எல்லோரும் ஏகே-47 என்றுதான் சொல்கிறார்கள். ஏகேஎம் அதன் 1959ஆம் ஆண்டு வடிவம். உடற்பகுதியைத் தகட்டை அழுத்தி வளைத்துச் செய்ததால் ஏறக்குறைய ஒரு கிலோ எடை குறைவு.

முதல் வகுப்பு முழுக்க ஒரே பாடம். மேகசினை, அதாவது தோட்டாப் பெட்டியைக் கழற்று, வலப்பக்கப் பாதுகாப்பு லீவரைக் கீழே தள்ளு, குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைப் பின்னால் இழு, தோட்டா உட்காரும் அறைக்குள் எட்டிப் பார், விரலை விட்டும் பார். "சார், இது சுடவே சுடாதே?" என்று கேட்டுவிட்டேன். "உங்க கைக்கு அது தெரியுமா?" என்றார், ஓய்வுபெற்ற ராணுவக்காரரான பயிற்சியாளர். அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. வரிசையும் முக்கியம்: முதலில் மேகசின், பிறகுதான் அறை. மாற்றிச் செய்தால், காலி செய்த அறைக்குள் அடுத்த தோட்டா ஏறிவிடும்.

இரண்டாவது வாரம் பிரித்தேன். இது உண்மையிலேயே சுலபம். பின்கட்டைக்குள் இருக்கும் துடைப்புச் சாமான் டப்பா, குழலுக்கு அடியில் இருக்கும் கம்பி இரண்டையும் எடுத்தாகிவிட்டது. மேல்மூடியின் பின்னால் துருத்தி நிற்கும் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினால் மூடி வந்துவிடுகிறது. அந்தப் பொத்தான் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தண்டின் வால்தான். தண்டை முன்னால் தள்ளித் தூக்க வேண்டும். நான் தள்ளாமல் தூக்கினேன். ஸ்பிரிங் மேசையைத் தாண்டிப் போய் விழுந்தது. அப்புறம் போல்ட்டைச் சுமக்கும் கேரியர், அதிலேயே பொருத்தப்பட்ட நீளமான பிஸ்டனோடு வெளியே வருகிறது. கேரியரிலிருந்து போல்ட்டைப் பிரித்து, கடைசியாக கேஸ் டியூப், அதாவது பிஸ்டன் ஓடும் வாயுக் குழாய். மொத்தம் இரண்டரை நிமிடம். பெருமையாக நிமிர்ந்து பார்த்தேன்.

பூட்ட ஒன்பது நிமிடம் ஆயிற்று.

பிரித்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால் போதும் என்பார்கள். போதாது. போல்ட்டைக் கேரியருக்குள் செருகி, துப்பாக்கிக்குள் இறக்கினால் இறங்கவே இல்லை. அழுத்தினேன், ஆட்டினேன், திருப்பினேன். பயிற்சியாளர் கைகட்டிக்கொண்டு பார்த்தாரே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று வீட்டுக்குப் போய் ஒரு தாளில் வரைந்து பார்த்தபோதுதான் விளங்கியது. கேரியரில் சரிவாக ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறது. போல்ட்டின் மேலுள்ள மேடு அதில் ஓடுகிறது. கேரியர் முன்னால் போகும்போது அந்தச் சரிவு போல்ட்டைத் திருப்பி, அதன் இரண்டு காதுகளையும், அதாவது பக்கவாட்டில் துருத்தும் மேடுகளையும், பூட்டிவிடுகிறது. சுடும்போது வாயு பிஸ்டனை உதைக்க, கேரியர் பின்னால் வந்து அதே பள்ளத்தால் பூட்டைத் திறக்கிறது. ஆக, உள்ளே இறக்கும்போது போல்ட் முழுக்க முன்னால் இழுபட்டு, திறந்த நிலையில் இருக்க வேண்டும். கொஞ்சம் பின்னால் நழுவியிருந்தாலும் காதுகள் இடித்து நிற்கும். நானோ ஒவ்வொரு முறையும் போல்ட்டை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டே இறக்கியிருக்கிறேன்! சோவியத் ராணுவத்தில் மிகச் சிறந்த நேரம் என்று வைத்திருந்தது பிரிக்க 15 விநாடி, பூட்ட 25 விநாடி. அந்தப் பத்து விநாடி ஏன் என்று அன்றுதான் உறைத்தது.

மூன்றாவது வாரம் கேஸ் டியூபோடு மல்லுக்கட்டு. அதைப் பூட்டும் சின்னக் கொண்டி எனக்குக் கிடைத்த துப்பாக்கியில் மிக இறுக்கம். நகம் உடைந்ததுதான் மிச்சம். துடைப்புச் சாமான் டப்பாவின் பக்கத்தில் ஒரு செவ்வகத் துளை இருக்கிறதே, அதைக் கொண்டியில் மாட்டி நெம்பினால் திரும்பிவிடுகிறது. அந்தத் துளை அதற்காகவே வைத்ததாம். டப்பாவை முதலில் எடுக்கச் சொல்வதன் காரணமும் இதில் கொஞ்சம் இருக்கிறது.

அதே வாரம் ஒரு திட்டும் வாங்கினேன். கேரியர் வெளியே இருக்கும்போது சும்மா டிரிக்கரை அழுத்திவிட்டேன். சுத்தியல் தடுப்பில்லாமல் பாய்ந்து முன்பக்க இரும்பில் மோதியது. அதன் ஸ்பிரிங் பல இழை முறுக்கிய தடித்த ஸ்பிரிங். நடுவில் விரல் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஐந்தாவது வார நிலவரம்: பிரிக்க 34 விநாடி, பூட்ட 58. சோதனையும் சேர்த்து, அதாவது மூடியபின் போல்ட்டை ஒருமுறை இழுத்து விட்டு, டிரிக்கரை அழுத்தி 'டக்' கேட்டு, லீவரை மேலே ஏற்றி, மேகசின் மாட்டும் வரை.

நேற்று கண்ணைக் கட்டிக்கொண்டு முயன்றேன். போல்ட்டின் தலைக்கும் கேரியருக்கும் நடுவே விரலை வைத்து இடைவெளியைத் தடவிப் பார்த்து இறக்கினேன். ஒரே முறையில் இறங்கிவிட்டது. மேல்மூடிதான் வம்பு செய்தது. முன் விளிம்பு பள்ளத்தில் உட்காராமல் நான்கு முறை நழுவியது. மொத்தம் மூன்று நிமிடம் பத்து விநாடி. துணியை அவிழ்த்தால், ஸ்பிரிங் தண்டின் வால் மூடியின் துளை வழியாகப் பாதிதான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினேன், சரியாக உட்கார்ந்தது. பயிற்சியாளர் அந்த நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவில்லை.