ஒயிட் வைன் போட்டுப் பார்த்தேன்: ஒரு பலூன் ம்யுல்லர்-துர்காவ், ஒரு பலூன் ரீஸ்லிங்

ஜெர்மனில மைன்ஸ் பக்கம் வந்து ஆறு வருஷம் ஆச்சு. ஊரைத் தாண்டினா ரெண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம்தான், ஆனாலும் நான் சூப்பர்மார்க்கெட்ல அஞ்சு யூரோ பாட்டில் வாங்கறதோட சரி. போன வருஷம் ஆகஸ்ட்ல எங்க ஹவுஸ் ஓனர் மாடிப்படில நிறுத்தி, பறிக்க ஆள் பத்தல, ரெண்டு சனிக்கிழமை வாங்க, கூலிக்கு பதிலா திராட்சை எடுத்துக்கங்கன்னார். எழுபது தாண்டின மனுஷன், சரிவுல ஒரு துண்டு நிலம் வெச்சிருக்கார், வெயில் நல்லா விழற மேல்பாதில ரீஸ்லிங், கீழ்பாதில ம்யுல்லர்-துர்காவ், ரெண்டும் ஒயிட் வைன் திராட்சை ஜாதி.

அப்பதான் இந்த ஐடியா வந்துச்சு. ஒரே ஈஸ்ட், ஒரே சைஸ் கண்ணாடி பலூன் (வைன் நொதிக்க வைக்கற குறுகின கழுத்து பெரிய ஜாடி), ஒரே பேஸ்மென்ட். திராட்சை மட்டும் வேற. கடைசில என்ன வித்தியாசம் வருதுன்னு நாக்குல பார்த்துடலாம்னு.

முதல் ரவுண்டு செப்டம்பர் நடுவுல, ம்யுல்லர்தான் சீக்கிரம் பழுக்கும். 35 கிலோ எடுத்துட்டு வந்து, காம்பு உருவி, நசுக்கி, அவர்கிட்ட இருந்த பழைய கைப்ரெஸ்ல பிழிஞ்சேன். ஒயிட் வைன்ல முதல் விஷயம் இதுதான், தோலோட ஊற விடக்கூடாது, பிழிஞ்சு ஜூஸை மட்டும்தான் நொதிக்க விடணும். 22 லிட்டர் கிட்ட வந்துச்சு, பார்க்க கரும்புச்சாறு மாதிரியே கலங்கலா பச்சையா. பத்து லிட்டருக்கு ஒரு கிராம் கணக்குல சல்ஃபைட் பவுடர் (ஜூஸ் கெடாம இருக்க) போட்டு ராத்திரி முழுக்க குளிர்ல வெச்சு, காலைல அடியில படிஞ்ச மண்டியை விட்டுட்டு தெளிவை மட்டும் டியூப் வெச்சு இறக்கினேன். மண்டியோட நொதிச்சா ஒரு மட்டமான வாடை வரும்னு அவர் மூணு தடவை சொல்லிட்டார்.

இங்க சக்கரையை ஓக்ஸ்லேன்னு ஒரு கணக்குல சொல்றாங்க. ஒரு லிட்டர் ஜூஸ் ஒரு லிட்டர் தண்ணியை விட எத்தனை கிராம் அதிகமா கனக்குதோ அதான் ஓக்ஸ்லே. எனக்கு 73 வந்துச்சு, அதாவது எல்லாம் நொதிச்சு முடிஞ்சா ஆல்கஹால் 10க்குள்ளதான் நிக்கும். லிட்டருக்கு 17 கிராம் சக்கரை சேர்த்தா ஒரு சதவீதம் ஏறும்ங்கறது கணக்கு, 20 லிட்டருக்கு 340 கிராம் போட்டேன்.

இந்த திராட்சையோட பேர்லயே ஒரு காமெடி இருக்கு. ஹெர்மன் ம்யுல்லர்னு ஒருத்தர், சுவிட்சர்லாந்துல துர்காவ் பக்கத்துக்காரர், 1882ல கைசன்ஹைம்ல வேலை பார்க்கும்போது ரெண்டு ஜாதியைக் கலந்து உருவாக்கினது. கைசன்ஹைம் இங்கிருந்து ரைன் நதிக்கு அந்தப்பக்கம்தான், ஒரு ஞாயித்துக்கிழமை சும்மா போய் பார்த்துட்டு வந்தேன். ரீஸ்லிங்கையும் சில்வானரையும் சேர்த்ததுன்னு அவர் சொன்னதால ரெண்டு பேரையும் வெட்டி ஒட்டி ரிவானர்னு இன்னொரு பேரும் வெச்சாங்க. நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு டிஎன்ஏ பார்த்தா, ரீஸ்லிங் சரி, ஆனா மத்தது சில்வானரே இல்ல, மதலைன் ரொயால்னு வேற ஒண்ணு! பேர் மட்டும் இன்னும் ரிவானராவே ஓடிட்டு இருக்கு.

மூணாவது நாள் மொத சொதப்பல். பலூனை கழுத்து வரைக்கும் ரொப்பி வெச்சிருந்தேன், தோசை மாவு ராத்திரி பொங்குமேன்னு எடம் விட்டு வைக்கத் தெரிஞ்ச எனக்கு இது தோணல பாருங்க. காலைல இறங்கிப் போனா ஏர்லாக்கை (கேஸை மட்டும் வெளிய விடற மூடி) தூக்கி எறிஞ்சுட்டு நுரை வழிஞ்சு தரையெல்லாம் பிசுபிசுன்னு, பேஸ்மென்ட் முழுக்க கள்ளுக்கடை வாசனை. ஓனர் ஒண்ணும் சொல்லல, ஜன்னலை மட்டும் திறந்து விட்டார். அதுக்கு காரணம் நாத்தம் இல்லயாம், கேஸாம். 20 லிட்டர் ஜூஸ் முழுசா நொதிச்சு முடியறதுக்குள்ள கிட்டத்தட்ட 900 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வரும், காத்தை விட கனமா தரையோட தங்கும். அதுக்கப்புறம் ஜன்னலை மூடவே இல்ல (இது எனக்கு பின்னாடி ஆப்பு வெச்சுது, வரேன்).

அடுத்தது ரீஸ்லிங், அக்டோபர் மூணாவது வாரம். லேட்டா துளிர்த்து லேட்டா பழுக்கற ஜாதி, அதனாலதான் இந்தக் குளிர் ஊர்ல அதுக்கு தெற்குப் பார்த்த சரிவா தேடி நடறாங்க. பழைய ஆளும்கூட, இங்க பக்கத்துல ருஸ்ஸல்ஸ்ஹைம்ல 1435லயே கணக்குப் புத்தகத்துல கொடி வாங்கின செலவு எழுதி வெச்சிருக்காங்க. பழம் சின்னச் சின்னதா, நல்லா பழுத்த பக்கம் மஞ்சள்ல பழுப்புப் புள்ளி. 81 ஓக்ஸ்லே காட்டுச்சு, சக்கரை சேர்க்கவே வேண்டாம். ஆனா புளிப்பு! ம்யுல்லர் ஜூஸ்ல லிட்டருக்கு 6.5 கிராம் ஆசிட் இருந்துச்சு, இதுல 10.5. ஒரு வாய் குடிச்சதும் கண்ணு ரெண்டும் தானா மூடிக்குச்சு.

இந்த தடவை பலூன்ல நாலு லிட்டர் எடம் விட்டேன், பொங்கவே இல்ல. பொங்காதது மட்டும் இல்ல, நவம்பர் நடுவுல 25 ஓக்ஸ்லேல அப்படியே நின்னு போச்சு. திறந்த ஜன்னலால பேஸ்மென்ட் 9 டிகிரி, ஈஸ்ட் எல்லாம் போர்வை போத்திட்டு படுத்துடுச்சு. பலூனை ரெண்டு பேரா தூக்கிட்டு மேல வாஷிங் மெஷின் ரூமுக்கு கொண்டு போய், கம்பளி சுத்தி, அடியில படிஞ்ச ஈஸ்ட்டை மெதுவா கலக்கி விட்டேன். மூணு நாள் கழிச்சு ஏர்லாக்ல ஒரு பிளக். அந்த சத்தம் கேட்ட சந்தோஷம் இருக்கே!

டிசம்பர்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஊத்திப் பார்த்தோம். ம்யுல்லர் முழுசா முடிஞ்சு ஓக்ஸ்லே 0க்கும் கீழ போயிருந்துச்சு (ஆல்கஹால் தண்ணியை விட லேசுல்ல). பூ வாசனை, லேசா ஜாதிக்காய், புளிப்பு கம்மி, அப்பவே நல்லா இருந்துச்சு. ரீஸ்லிங்? சக்கரை போடாத எலுமிச்சை ஜூஸ். ஆசிட்டைக் குறைக்க சுண்ணாம்புப் பவுடர் விக்கறாங்க, வாங்கிடலாமான்னு கேட்டேன், பெரியவர் தலையை ஆட்டிட்டு, சும்மா விடுங்க, அது தானா ஆகும்னார். எனக்கு நம்பிக்கையே இல்ல, உண்மையா சொன்னா என் மொத்த பெருமையும் ம்யுல்லர் மேலதான் இருந்துச்சு.

ஜனவரில பலூன் அடியில கண்ணாடித் தூள் மாதிரி என்னமோ மின்னுச்சு. பலூன் உள்பக்கமா விரிசல் விட்டுடுச்சுன்னு நினைச்சு வெலவெலத்துப் போய்ட்டேன். அது டார்டார் உப்பு. திராட்சையோட புளிப்புல ஒரு பங்கு பொட்டாசியத்தோட சேர்ந்து குளிர்ல படிகமா இறங்கிடுது, பேக்கிங்குக்கு வாங்கற க்ரீம் ஆஃப் டார்டாரே இதுதான். அது இறங்கின அளவுக்கு வைன்லயும் புளிப்பு குறையுது. சுண்ணாம்பு வேண்டாம்னு அவர் சொன்னதுல பாதி இதுக்குத்தான் போல.

ரீஸ்லிங் கடைசி வரைக்கும் முழுசா நொதிக்கல, கொஞ்சம் சக்கரை மிச்சம் நின்னுச்சு. சக்கரையோட அப்படியே பாட்டில்ல அடைச்சா மறுபடி நொதிச்சு வெடிக்கும், அதனால மார்ச் வரைக்கும் குளிர்லயே தெளிய விட்டு, மறுபடி சல்ஃபைட், கூடவே ஈஸ்ட் மறுபடி பெருகாம தடுக்கற சார்பேட்டும் போட்டுத்தான் அடைச்சேன். ஆனா அந்த மிச்ச இனிப்புதான் காப்பாத்துச்சு. புளிப்பும் இனிப்பும் ஒண்ணை ஒண்ணு இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, ரசத்துக்கு துளி வெல்லம் போட்ட மாதிரி. மோசல் நதிப் பக்கம் ரீஸ்லிங்ல பல பேர் வேணும்னே இப்படி சக்கரை நிறுத்தறாங்க.

ஜூலைல மறுபடி டெஸ்ட். ம்யுல்லர் ஏற்கனவே இறங்குமுகம், அந்த பூ வாசனை பாதி போயிடுச்சு, குடிக்கலாம், அவ்ளோதான். ரீஸ்லிங்கைத் திறந்தா பீச் பழம், எலுமிச்சைத் தோல், டிசம்பர்ல குடிச்ச அதே சரக்கான்னு எனக்கே சந்தேகம். பெரியவர் அன்னைக்கு அவரோட 2003 ரீஸ்லிங் ஒண்ணைக் கொண்டு வந்து திறந்தார். பெட்ரோல் பங்க் வாசனை! கெட்டுப் போச்சுன்னு நினைச்சேன், அவர் சிரிச்சார். வயசான ரீஸ்லிங்குக்கு அந்த வாசனை உண்டாம், டிடிஎன்னு ஒரு கெமிக்கல், பழத்துல வெயில் நல்லா அடிச்ச வருஷத்துல கூடுதலா வரும், 2003 இங்க பயங்கர வெயில் வருஷம். ரெண்டாவது கிளாஸ்ல எனக்கும் பிடிச்சுப் போச்சு, என் வீட்டுக்காரிக்கு இன்னும் பிடிக்கல.

இப்ப ஸ்டாக்: ம்யுல்லர் 3 பாட்டில், ரீஸ்லிங் 14. அதுல ஆறை தனியா எடுத்து டேப் ஒட்டி 2035ன்னு எழுதி ஷெல்ஃபுக்கு பின்னாடி தள்ளி வெச்சிருக்கேன். வர செப்டம்பர்ல ம்யுல்லர் பத்து லிட்டர் போதும், பொங்கல் வரைக்கும் குடிக்கற அளவுக்கு. மீதி பலூனெல்லாம் ரீஸ்லிங்குக்கு, இந்த தடவை பேஸ்மென்ட் ஜன்னலை நுரை அடங்கினதும் மூடிடணும்.