மன்னிப்பே இல்லாத பாவம் எது?

புதுச்சேரி சம்பா கோவிலில் தவக்காலத்தில் குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டி முன் நிற்பவர்களில் சிலரையாவது இந்தப் பயம் அரிக்கும்: 'தூய ஆவியாரைப் பழிச்சிட்டேனோ?'

தூய ஆவியாரைப் பழிப்பவருக்கு ஒருபோதும் மன்னிப்பில்லை என்னும் மாற்கு நற்செய்தி 3:29-ஐ மட்டும் பிய்த்துப் படிப்பதால் வரும் வினை. 22-லிருந்து 30 வரை சேர்த்துப் படியுங்கள். இயேசு பேய் ஓட்டுவது தெரிந்தும் மறைநூல் அறிஞர்கள் அதைப் பேய்களின் தலைவன் பெயல்செபூல் வேலை என்றார்கள். வாய் தவறி வந்த சொல்லா அது? கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 1864-ம் எண் பத்தி இன்னும் தெளிவு: இறைஇரக்கத்துக்கு எல்லையில்லை; மனம் வருந்தி அதை ஏற்பதை வேண்டுமென்றே மறுப்பவர்தான் மன்னிப்பைத் தள்ளிவிடுகிறார். இயேசுவை மூன்று முறை மறுதலித்த பேதுருவோ மனம் வருந்தி அழுதார்.

செபமாலை நடுவே அழைக்காமல் வரும் அசிங்கமான எண்ணம்? சம்மதம் இல்லையென்றால் சாவான பாவமே (மிகக் கனமான பாவம்) ஆகாது. அதையே வாராவாரம் வேறு வேறு சாமியாரிடம் சொன்னால் பயம்தான் வளரும். ஒரே குருவிடம் போங்கள். தூக்கம் கெட்டால் மனநல மருத்துவரிடமும்.