பச்சை மின்னியது, ஆனால் என்னுடையது இல்லை

கிண்டியில் நான் இருந்த ஆய்வகத்தில் பேசிலஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவுக்கு 'சாகாத சனியன்' என்று பெயர். 80 டிகிரியில் 20 நிமிடம் வைத்தாலும் அதன் ஸ்போர்கள் (கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவம்) அசராது. ஆனால் தகுந்த சத்துப் பொருள் பட்டால் சில நிமிடங்களிலேயே விழித்துக்கொள்ளும். அதை உணர்பவை உள்சவ்வில் இருக்கும் ஜெர்-ஏ, ஜெர்-பி, ஜெர்-கே என்ற ஏற்பிகள். இவை ஒரே இடத்தில் கொத்தாகச் சேர்ந்திருப்பதை 2011-லேயே காட்டி, ஜெர்மினோசோம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஜெர்-கேவின் ஒரு துணை அலகின் வாலில் பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி என்ற புரதத்தை டேக்காக ஒட்டி அந்தக் கொத்தை நானே பார்ப்பதுதான் என் முதல் வேலை.

ஜெர்-கே நீக்கிய பாக்டீரியா வகையில் (திரிபு), ஸ்டார்ச்சைச் சிதைக்கும் அமைலேஸ் என்சைமின் மரபணு இருக்கும் இடத்தில், ஜிஎஃப்பி ஒட்டிய ஜெர்-கே மரபணுவைச் செருகினேன். சரியாகச் செருகியிருந்தால் அமைலேஸ் வேலை செய்யாது. ஸ்டார்ச் பிளேட்டில் அயோடின் ஊற்றினால் காலனியைச் சுற்றி வெளுத்த வளையம் வராது. ஆறில் நான்கு வளையமில்லாமல் நின்றன. துள்ளிக் குதித்த பிறகுதான் உறைத்தது, அதே காலனிகளை உயிரோடு வைத்திருக்க நகல் பிளேட் போடவில்லை. அயோடினில் குளித்த காலனியை லூப்பால் சுரண்டி வளர்க்கப் பார்த்தேன், எதுவும் வரவில்லை. ஒரு வாரம் போச்சு.

அப்புறம் ஸ்போர் உண்டாவதற்காக, குடுவையைக் குலுக்கும் ஷேக்கரில் 37 டிகிரியில் மூன்று நாள். இரண்டாம் இரவு கரன்ட் போய், காலையில் எல்லாம் குடுவையின் அடியில் படிந்து கிடந்தது. மறுபடி முதலிலிருந்து. கிடைத்த ஸ்போர்களை ஐஸ் தண்ணீரில் அரிசி களைவதுபோலக் களைய வேண்டும்; படிவின் மேல் ஏடுபோல நிற்கும் செத்த செல்களை ஒவ்வொரு தடவையும் பைப்பெட்டால் எடுத்துவிட வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வரவே கூடாது.

மைக்ராஸ்கோப்பில் வைத்தால் எல்லா ஸ்போரும் பச்சையாக ஜொலித்தது. சீனியர் அக்காவைக் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்தவர், "டேக் போடாத ஸ்போரைப் பார்த்தியாம்மா?" என்றார். பார்க்கவில்லை. பார்த்தேன். அதுவும் அதே பச்சை! ஸ்போரின் மேலுறைக்கே பச்சையில் சொந்த ஒளிர்வு உண்டு. ஒரு ஸ்போரில் இந்த ஏற்பி சில நூறு மூலக்கூறுகள்தான் இருக்கும். அந்த வெளிச்சத்தில் அது எங்கே தெரியப்போகிறது? இதற்கு முன்னால், ஓர் இரவு முழுக்க வளர்த்த சாதாரண செல்களிலும் ஒளியைத் தேடி இரண்டு நாளை வீணாக்கியிருந்தேன். செல்லுக்குள் முன்ஸ்போர் (ஸ்போரின் ஆரம்ப வடிவம்) உருவான பிறகுதான் அந்த மரபணு விழிக்கும் என்பதைப் படித்தும் மறந்திருக்கிறேன்.

பச்சையை விட்டுவிட்டு, சிவப்பாக ஒளிரும் எம்-செர்ரி புரதத்துக்கு மாறினேன். சிவப்பில் பின்னொளி குறைவு. இந்த முறை டேக் இல்லாத ஸ்போர்களைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன், அவை இருட்டாகவே இருந்தன. என்னுடையவற்றில் பாதிக்கு மேல், உள்ளே கடுகைவிடச் சிறிதாக ஒரு புள்ளி.

புள்ளி தெரிந்தால் போதாது, ஏற்பி வேலையும் செய்ய வேண்டும். 70 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, அஸ்பரஜின், குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், பொட்டாசியம் குளோரைடு கலவையைச் சேர்த்தேன். ஸ்போர் விழித்தால் கலங்கலின் அளவு (ஓ.டி.) இறங்கும். ஜெர்-கே இல்லாத திரிபின் ஓ.டி. அப்படியே நின்றது. என்னுடையது மெல்ல இறங்கத் தொடங்கியது. அக்காவை மறுபடி கூப்பிட்டேன்.