கரண்ட் வைத்த பிறகு பி.டி.எல்-1 மாறும்: ரிப்போர்ட்டின் தேதியைப் பாருங்கள்

புற்றுக்கட்டியின் பயாப்சியை ஈரோட்டிலோ தாராபுரத்திலோ எடுத்திருப்பார்கள். கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைப்பது கோவையில். இடையில் மாதங்கள் ஓடிவிடும். உடலின் எதிர்ப்புச் சக்தியை முடுக்கும் இம்யூனோதெரபி மருந்து பற்றிப் பேச்சு வரும்போது ஃபைலில் இருக்கும் பழைய பி.டி.எல்-1 எண்ணைத்தான் எல்லோரும் புரட்டிப் பார்ப்பார்கள். அது கதிர் படாத கட்டியின் எண். கதிர் பட்ட கட்டி வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

பி.டி.எல்-1 என்பது புற்றணுவின் மேல்சவ்வில் இருக்கும் புரதம். புற்றைத் தாக்கும் வெள்ளை அணுவான டி செல்லின் மேலுள்ள பி.டி-1-ஐ அது பற்றிக்கொண்டால் டி செல் தாக்குவதை நிறுத்திவிடும். பி.டி-1-ஐ 1992-ல் வெளியிட்ட குழுவின் தலைவர் தசுகு ஹோஞ்சோ, ஜேம்ஸ் ஆலிசனோடு 2018-ல் நோபல் பரிசு பெற்றார்.

கதிர்வீச்சு இந்தப் புரதத்தை இரண்டு வழியாக ஏற்றுகிறது. முதல் வழி புற்றணுவுக்குள்ளேயே நடப்பது. டி.என்.ஏ.வின் இரண்டு இழையும் அறுந்ததும் ஏ.டி.எம்., ஏ.டி.ஆர்., செக்-1 என்ற பழுதுபார்ப்புப் புரதங்கள் விழித்துக்கொள்கின்றன. அந்தச் செய்தி ஐ.ஆர்.எஃப்-1 வழியாகப் போய் பி.டி.எல்-1 மரபணுவை முடுக்கிவிடுகிறது. பக்கத்தில் ஒரு டி செல்கூட இல்லாத ஆய்வகத் தட்டிலேயே இதைப் பார்க்கலாம். இரண்டாவது வழியில், அறுந்த டி.என்.ஏ. துணுக்குகள் உட்கருவுக்கு வெளியே கசிகின்றன. சி-காஸ், ஸ்டிங் புரதங்கள் அவற்றை வைரஸ் டி.என்.ஏ. போலவே எடுத்துக்கொண்டு இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைக் கிளப்ப, டி செல்கள் வந்து சேர்கின்றன. அவை சுரக்கும் காமா இன்டர்ஃபெரான் பி.டி.எல்-1-ஐ மேலும் கூட்டுகிறது. தாக்க ஆள் வரவழைக்கும் அதே சங்கிலிதான் தடுப்பையும் எழுப்புகிறது. கதிரோடு பி.டி-1 தடுப்பு மருந்தைச் சேர்க்கலாம் என்ற யோசனைக்கு அடிப்படை இதுதான்.

டோஸும் முக்கியம். எலிகளில் 8 கிரே (கதிரின் அளவு) வீதம் 3 முறை கொடுத்தபோது இன்டர்ஃபெரான் நன்றாகக் கிளம்பியது. ஒரே தடவையில் 20 கிரே கொடுத்தபோது ட்ரெக்ஸ்-1 என்ற நொதி கூடி, கசிந்த டி.என்.ஏ.வைத் தின்றுவிட்டது. இந்தக் கணக்கை நோயாளிக்கு அப்படியே போடக்கூடாது. அந்த டோஸ் எல்லை புற்றணுவுக்குப் புற்றணு மாறும்.

இந்தத் தடுப்பு மருந்தை எப்போது தொடங்குவது என்பதில்தான் சிக்கல் அதிகம். எலிகளுக்கு 2 கிரே வீதம் 5 தடவை கொடுத்த ஆய்வில், கதிரோடு சேர்த்துத் தொடங்கிய மருந்து வேலை செய்தது. கதிர் முடிந்து 7 நாள் கழித்துத் தொடங்கியது பலிக்கவில்லை. மனிதரில் அது அப்படியே பொருந்தவில்லை. தலை-கழுத்துப் புற்றில் கீமோ-கதிரோடு சேர்த்து அவெலுமாப் என்ற பி.டி.எல்-1 தடுப்பு மருந்தைக் கொடுத்த ஜாவ்லின் ஆய்வு தோற்றது. நுரையீரலில், கீமோ-கதிர் முடிந்து 42 நாளுக்குள் அதே வகை மருந்தான துர்வாலுமாப் தொடங்கிய பசிபிக் ஆய்வில் 5 ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் 42.9%, மருந்தில்லாத குழுவில் 33.4%. எலியில் பலித்தது தலை-கழுத்துப் புற்றில் பலிக்காததற்குக் காரணம், எலிக்கு 5 தடவை, சிறிய இடம்; வாய்ப்புற்றுக்கு 35 தடவை, கழுத்து நெறிக்கட்டிகளும் சேர்த்து என்பதாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். டி செல் சேர்ந்த லிம்போசைட் வகை 2 கிரேயிலேயே சாகும் செல். டி செல் பயிற்சி பெறும் நெறிக்கட்டியிலேயே அதைத் தினமும் கொன்றால் மருந்து யாரை விடுவிக்கும்? ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றில் பெம்ப்ரோலிசுமாப் என்ற பி.டி-1 தடுப்பு மருந்து கதிரோடு சேர்ந்தே பலன் தந்திருக்கிறது. ஆகவே எல்லாப் புற்றுக்கும் ஒரே விதி கிடையாது.

கதிருக்குப் பின் எண் மாறினாலும், பசிபிக் ஆய்வில் பார்த்த பி.டி.எல்-1 சிகிச்சைக்கு முந்தைய திசுவில் பார்த்தது. 1%-க்குக் குறைவானவர்களுக்கு ஐரோப்பா துர்வாலுமாபை அனுமதிக்காததும் அந்த எண்ணை வைத்துத்தான். அதனால் முதல் பயாப்சியின் பாரஃபின் பிளாக்கை (திசுவை மெழுகில் பதித்த கட்டியை) தொலைத்துவிடாதீங்க. அது எடுத்த ஊர் லேபிலேயே இருக்கும், எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கணும். திசு 10% நியூட்ரல் ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் ஊறியிருக்க வேண்டும். குறைந்தது 100 புற்றணுக்கள் வேண்டும். எலும்புத் திசுவை அமிலத்தில் ஊறவைத்து மென்மையாக்கியிருந்தால் சாயம் சரியாக ஏறாது. ரிப்போர்ட்டில் திசு எடுத்த தேதி, 22சி3 அல்லது எஸ்.பி.263 போன்ற, சாயமேற்றப் பயன்படுத்திய ஆன்டிபாடியின் பெயர், டி.பி.எஸ்.ஸா (புற்றணுவை மட்டும் எண்ணுவது) சி.பி.எஸ்.ஸா (எதிர்ப்பு அணுக்களையும் சேர்த்து எண்ணுவது) என்ற மூன்றும் இல்லையென்றால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. கதிருக்குப் பிறகு எடுத்த திசுவில் மேக்ரோஃபேஜ்கள் என்ற, கழிவைத் தின்னும் எதிர்ப்பு அணுக்கள் நிறைந்திருக்கும். அவையும் சாயம் ஏற்கும். சி.பி.எஸ்.ஸில் அவற்றை எண்ணலாம், டி.பி.எஸ்.ஸில் எண்ணினால் தவறாகக் கூடிவிடும்.

மருந்து தொடங்கி ஊர் திரும்பியவருக்கு வறட்டு இருமலும் மூச்சுவாங்கலும் வந்தால், உள்ளூர் டாக்டரிடம் மருந்தின் பெயரையும் கதிர் முடிந்த தேதியையும் முதலில் சொல்லுங்க. சளி என்று ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்து நாள் தள்ளக்கூடாது. கதிரால் வந்த நிமோனைட்டிஸ் (நுரையீரல் அழற்சி) பெரும்பாலும் கதிர் பட்ட இடத்துக்குள் நிற்கும். மருந்தால் வந்தது நுரையீரலில் எங்கும் வரலாம். சி.டி. எடுத்து, ஸ்டீராய்டு தொடங்கினால் 4 முதல் 6 வாரமாவது மெல்லக் குறைத்து நிறுத்த வேண்டும். பாதியில் விட்டால் திரும்ப வரும்.