ஓ.பி. சீட்டில் ஒரு டிக் போதாது

ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்று ஏதோ ஒன்றில் டிக் அடித்தால் வரிசை நகரும். சிகிச்சைக்கு அது போதாது. திருநங்கையோ, பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பியோ வந்தால், நோய்க்குத் தேவைப்படும் இடத்தில் எந்த உறுப்பு இருக்கிறது, எது எடுக்கப்பட்டது, என்ன ஹார்மோன் எடுக்கிறார் என்று கேட்டாக வேண்டும்.

நாலு பேர் முன்னால் பழைய பெயரைக் கூப்பிடுவார்களே என்று பயந்து, மெடிக்கலில் கருத்தடை மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளும் திருநங்கைகள் உண்டு. மாலா-டி மாதிரியானவற்றில் இருப்பது எத்தினைல் எஸ்ட்ராடியால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன், மாத்திரைக்கு 0.03 மி.கி. சீக்கிரம் பலன் தெரியட்டும் என்று நாளுக்கு நாலைந்து விழுங்கினால் காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலை அடைக்கலாம். சிகரெட்டும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். இதில் ஒரு வில்லங்கம் வேறு: லேபில் எடுக்கும் வழக்கமான எஸ்ட்ராடியால் டெஸ்ட் இந்தச் செயற்கை வகையைச் சரியாகக் காட்டாது. ‘குறைவு’ என்று ரிப்போர்ட் வந்ததும் மாத்திரையைக் கூட்டிவிடுகிறார்கள்.

மருத்துவர் கொடுப்பது எஸ்ட்ராடியால் வேலரேட், வழக்கமாக நாளுக்கு 2 முதல் 6 மி.கி. முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் சரி. ஆண் ஹார்மோனை அடக்க ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவருக்குப் பொட்டாசியமும் பார்க்க வேண்டும்.

நிர்வாணம் (ஆணுறுப்பையும் விதைப்பையையும் அகற்றுவதைத் திருநங்கைகள் அப்படித்தான் சொல்வார்கள்) முடிந்ததும் ‘இனி எதற்கு மாத்திரை’ என்று நிறுத்துபவர்கள் உண்டு. விதைப்பை போன பிறகு எந்த ஹார்மோனும் இல்லாவிட்டால் எலும்பு தேயும். நிறுத்த வேண்டியது ஆண் ஹார்மோனை அடக்கும் மருந்தை மட்டும்தான். புராஸ்டேட்டும் உள்ளேயேதான் இருக்கிறது. வயதானபின் சிறுநீர் அடைத்தால் அதையும் பார்க்க வேண்டும், புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. 4-க்குக் கீழே என்று நிம்மதியாக அனுப்பிவிடக் கூடாது. ஹார்மோன் எடுப்பவருக்கு அந்த அளவு இயல்பாகவே தாழ்ந்திருக்கும்.

திருநம்பிகளுக்குச் சிக்கல் வேறு. சீட்டில் பெண் என்று இருந்தால், டெஸ்டோஸ்டிரோன் ஊசியால் 16-க்கு ஏறிய ஹீமோகுளோபினை லேப் ‘அதிகம்’ என்று அடித்துத் தரும். ஆண் அளவோடுதான் அதை ஒப்பிட வேண்டும். ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 54 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஊசியைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். சீட்டில் ஆண் என்று இருந்தாலோ கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். மாதவிடாய் நின்றாலும் கர்ப்பம் தரிக்கலாம் என்பதை ஊசி போடும்போதே சொல்லிவிடுவது நல்லது.

சென்னை ராஜீவ் காந்தி மருத்துவமனையிலும் மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் தனிக் கிளினிக் உண்டு. ஆனால் காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் எல்லோரும் போவது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான். அங்கே டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடலாம். உறுப்பு பற்றிய கேள்வியைக் கதவைச் சாத்திவிட்டு, வந்த நோய்க்குத் தேவையென்றால் மட்டும் கேட்கலாம். கைமுறிவுக்கு வந்தவரிடம் ‘ஆபரேஷன் ஆயிடுச்சா’ என்பது வெறும் வம்பு.