நம்ஹான்சான்சோங்: மேற்கு வாசலில் இறங்கிப் போன அரசன்

சியோலுக்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் அரண்மனைகள், நம்சான் கோபுரம், மியோங்டோங் கடைத்தெரு என்று சுற்றிவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஒரு முழுநாள் கையில் இருந்தால் நம்ஹான்சான்சோங் மலைக்கோட்டைக்குப் போய் வாருங்கள். நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 25 கிலோமீட்டர்தான். மெட்ரோ 8ஆம் தடத்தில் சான்சோங் நிலையத்தில் இறங்கினால், 9ஆம் எண் பேருந்து மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறி கோட்டைக்கு உள்ளேயே கொண்டுபோய் விடும். உள்ளே ஒரு ஊரே இருக்கிறது. சுற்றிலும் மலைமுகடு, நடுவில் குழிந்த தட்டு போலச் சமவெளி. முகட்டின் மேலேயே ஏறக்குறைய 12 கிலோமீட்டருக்கு மதில் ஓடுகிறது.

7ஆம் நூற்றாண்டிலேயே சில்லா என்ற பழைய கொரிய அரசு இங்கே ஒரு கோட்டை கட்டியிருந்தது. இன்று நாம் பார்ப்பதன் அடிப்படை, கொரியாவை ஆண்ட ஜோசோன் வம்சத்து இன்ஜோ மன்னர் காலத்தில் 1624இல் தொடங்கி 1626இல் முடிந்த வேலை. கல் சுமந்ததிலும் பிறகு காவல் காத்ததிலும் புத்த பிக்குகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

நான் போனது குளிர்காலக் கடைசியில். மதிலின் வடக்குப் பக்க நிழலில் பனி இன்னும் உருகவில்லை. தெற்கு வாசலில் தொடங்கி மதிலை ஒட்டியே நடந்தேன். மேலே இருக்கும் கைப்பிடிச் சுவரின் ஒவ்வொரு துண்டிலும் மூன்று துளைகள். குனிந்து கண்ணை வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரிகிறது. இரண்டு பக்கத் துளைகளும் நேராகத் தூரத்து மரங்களைக் காட்டுகின்றன. நடுத்துளை மட்டும் கீழ்நோக்கிச் சரிந்து, மதிலின் அடிவாரத்தைக் காட்டுகிறது. தூரத்தில் வருபவனுக்கு இரண்டு, ஏறி வந்துவிட்டவனுக்கு ஒன்று. துப்பாக்கிச் சண்டையை நன்றாக யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள். இந்தக் கோட்டையை எதிரி சண்டையிட்டுப் பிடிக்கவே இல்லை என்பதுதான் அங்கே நிற்கும்போது மனதைப் பிசைகிறது.

1636 குளிர்காலத்தில், வடக்கே மஞ்சூரியாவை ஆண்ட சிங் வம்சத்துப் பேரரசர் ஹோங் தைஜியின் படை, எல்லையில் உறைந்து கிடந்த யாலு ஆற்றைத் தாண்டி மின்னல் வேகத்தில் தெற்கே வந்தது. இன்ஜோ மேற்குக் கடலோரக் கங்வா தீவுக்குத் தப்பிப்போக நினைத்தார்; அரச குடும்பத்தில் பலரை அங்கே அனுப்பியும் விட்டார். அதற்குள் வழி அடைபட்டது. வேறு வழியில்லாமல் இந்த மலைக்கு ஏறினார். உள்ளே ஏறக்குறைய 13,000 வீரர்கள், ஐம்பது நாள் வாக்கில் தாங்கும் தானியம். குளிரில் கை கால் விறைத்துப்போனவர்கள் காவல் நின்றார்கள். தீவனமில்லாமல் குதிரைகள் செத்தன. வடக்கு வாசலைத் திறந்துகொண்டு சண்டைக்கு இறங்கிய சுமார் 300 பேர் திரும்பவில்லை.

அரசவையில் இன்னொரு சண்டை. சமாதானம் பேசியே தீரவேண்டும் என்றார் அமைச்சர் சோய் மியோங்-கில். செத்தாலும் பணியக்கூடாது என்றார் கிம் சாங்-ஹோன். சோய் எழுதிய சரணடைவுக் கடிதத்தைக் கிம் கிழித்துப்போட, சோய் குனிந்து துண்டுகளைப் பொறுக்கி ஒட்டினாராம். எனக்கு சோய் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. மானம் பெரிதுதான், ஆனால் அன்றைக்கு அந்த மதிலில் விறைத்து நின்றவன் யார் வீட்டுப் பிள்ளை?

கங்வா தீவு விழுந்த செய்தி வந்ததும் எல்லாம் முடிந்தது. முற்றுகை 47 நாள். 1637 பிப்ரவரி 24 அன்று, அரச உடையைக் களைந்து நீல உடுப்பு அணிந்து இன்ஜோ வெளியே வந்தார். பெரிய தெற்கு வாசல் வழியாக அல்ல, குறுகலான மேற்கு வாசல் வழியாக. ஹான் ஆற்றங்கரையில் சம்ஜோன்டோ என்ற இடத்தில் மூன்று முறை மண்டியிட்டு, ஒன்பது முறை தலை தாழ்த்தி வணங்கினார். பட்டத்து இளவரசர் சோஹியோனும் தம்பி போங்ரிமும் பிணையாகச் சிங் தலைநகரான ஷென்யாங்குக்குப் போனார்கள். கூடவே பல்லாயிரக்கணக்கான சாதாரண ஜனங்களும் கைதிகளாக இழுத்துச் செல்லப்பட்டார்கள். அரசன் பட்ட அவமானத்தைவிட அதுதான் எனக்குப் பெரிய துயரம்.

மதில் நடையில் சுவோஜாங்டே என்ற இரண்டு அடுக்கு மரமண்டபம் வரும். ஐந்து தளபதி மண்டபங்களில் தப்பிப் பிழைத்தது இது ஒன்றுதான். கீழே ஊருக்குள் இருக்கும் அரண்மனை, பின்னாளில் அழிந்துபோய் மறுபடி கட்டப்பட்டது. திங்கட்கிழமை மூடியிருக்கும், கவனம். சாப்பாட்டுக்கு ஊரில் கடைகள் நிறைய. கருவாலிக் கொட்டை மாவில் செய்த பழுப்பு நிறக் கட்டியைத் துண்டுபோட்டு, காரமாக இலைகளோடு பிசைந்து தருகிறார்கள். நம் நாக்குக்கு ஒத்துவரும்.

மேற்கு வாசலுக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். உயரமானவர்கள் தலை குனியத் தோன்றும் அளவுக்குச் சின்ன வாசல். பக்கத்துத் திட்டில் நின்றால் சியோலின் தென்கிழக்குப் பகுதி முழுக்கக் கண்ணில் விழுகிறது. நடுவில் 555 மீட்டர் உயர லோட்டே கோபுரம். அரசன் தலை தாழ்த்திய இடம் அந்தக் கோபுரத்துக்குப் பக்கம்தான்.

அதனால் திரும்பும்போது அதே 8ஆம் தடத்தில் ஏறி சோக்சோன் ஏரிக்கரையில் இறங்கிவிடுங்கள். 1639இல் சிங் வற்புறுத்தலால் நாட்டிய வெற்றிக் கல்வெட்டு அங்கே நிற்கிறது. ஒரு பக்கம் மஞ்சு, மங்கோலிய எழுத்து, மறுபக்கம் சீனம். கொரியர்கள் இதைச் சாய்த்திருக்கிறார்கள், மண்ணில் புதைத்திருக்கிறார்கள்; 2007இல் ஒருவர் சிவப்பு வண்ணம் அடித்தார். சுத்தம் செய்து, 2010இல் இப்போதைய இடத்துக்குக் கொண்டுவந்து, கூரை போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். காலையில் கோட்டை, மாலையில் இந்தக் கல். இந்த வரிசையிலேயே பாருங்கள்.