250-க்கு 224

சென்ற மாதம் டெக்சாஸ் மாநிலத்தின் கைத்துப்பாக்கி உரிமத்துக்கான சுடுதேர்வில் 250-க்கு 224 மதிப்பெண் பெற்றுத் தேறினேன். பயிற்சியாளர் கைகுலுக்கி வாழ்த்தினார். ஆனால் இலக்குத் தாளைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் முதல் அந்தத் தேர்ச்சியை என் மனம் ஏற்க மறுக்கிறது.

தேர்வில் மொத்தம் 50 தோட்டாக்கள். மனித உருவம் அச்சிட்ட பி-27 தாளை நோக்கி 3 கஜத் தொலைவிலிருந்து 20, 7 கஜத்திலிருந்து 20, 15 கஜத்திலிருந்து 10 என்று குறித்த நொடிகளுக்குள் சுட வேண்டும். நடு வளையங்களில் பட்டால் 5 மதிப்பெண், அதற்கு வெளியே உள்ள வளையத்தில் 4, உருவத்தின் மற்ற பகுதிகளில் 3. 175 எடுத்தால் தேர்ச்சி. முதல் 40 தோட்டாக்களையும் நடுவில் பதித்தவருக்கு அப்போதே 200 வந்துவிடுவதால், 15 கஜத்திலிருந்து சுடும் பத்தும் தாளைத் தொடாமலே போனாலும் அவர் தேறிவிடுவார்.

என் தாளில் அந்தப் பத்தில் மூன்று உருவத்துக்கு வெளியே, இடப்புற வெள்ளை ஓரத்தில் துளையிட்டிருந்தன. நேரம் முடியப்போகிறது என்ற பதற்றத்தில் விசையை மெல்ல அழுத்தாமல் வெடுக்கென்று இழுத்திருக்கிறேன். 15 கஜம் என்பது கடை வாசலில் ஐந்து கார்கள் அடுத்தடுத்து நிற்கும் அகலம்தான். சுடுதளத்தில் குறி தப்பிய தோட்டாவை மண்மேடு வாங்கிக்கொண்டது, மதிப்பெண் தாளில் அதற்குப் பூஜ்யம் என்று எழுதினார்கள். தெருவில் அது யார்மீதாவது பாயக்கூடும் என்னும்போது, தவறிய ஒவ்வொரு தோட்டாவுக்கும் மதிப்பெண்ணைக் குறைத்திருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

இன்னொரு குறையும் உண்டு. ஆடைக்குள் மறைத்த உறையிலிருந்து துப்பாக்கியைப் பாதுகாப்பாக வெளியே எடுப்பதை இத்தேர்வு சோதிப்பதில்லை. கையில் ஏந்திய நிலையிலிருந்தே சுடத் தொடங்குகிறோம். 2021 செப்டம்பர் 1 முதல், சட்டத் தடை ஏதுமில்லாத 21 வயது நிரம்பியவர்களுக்கு இந்த உரிமமே கட்டாயமில்லை என்பதால், நான் குறை கூறும் இச்சிறு தேர்வைக்கூட எழுதாதவர்களும் இங்கே துப்பாக்கியுடன் நடமாடலாம்.

உரிம அட்டை தபாலில் வந்துவிட்டது. துப்பாக்கி இன்னும் பெட்டகத்தில்தான் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் சுடுதளம் சென்று 15 கஜத்திலிருந்து மட்டும் சுட்டுப் பழகுகிறேன்; கடந்த வாரம் பத்தில் ஒன்பது உருவத்துக்குள் விழுந்தன.